வாடகைச் சேவையகமும் பிணிநாடு முறையும்

மருந்து என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கு வகுத்துள்ளார். முதற்கண் பிணி இன்னதெனத் தெளிதல் வேண்டும்; அடுத்து அது தோன்றிய காரணத்தை அறிதல் வேண்டும்; அதன்பின் அதனைத் தணிக்கும் வழியை ஓர்தல் வேண்டும்; இவை யாவும் முடிந்த பின்னரே செயலிற் புகுதல் வேண்டும். இவ்வொழுங்கு மனித உடலுக்கு மாத்திரம் உரியதன்று. இக்காலத்திலே நமது கல்விக்கூடங்களும் சங்கங்களும் வாடகைக்குப் பெறுகின்ற இணையச் சேவையகங்களுக்கும் அது முற்றும் பொருந்துவதாகும். புதிதாகப் பெற்ற சேவையகம் ஒன்று எதிர்பார்த்தவாறு இயங்காதவிடத்து, அதன் குறையை எங்ஙனம் நாடிக் காண்பது என்பதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேவையகமாவது யாது?

கேட்பவர்க்குக் கேட்ட ஏட்டினை எடுத்துக் கொடுக்கும் கணினியே சேவையகம். உலகளாவிய வலையின் முதற் சேவையகம் 1990ஆம் ஆண்டின் இறுதியில், செனீவா நகரை அடுத்துள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்திலே, ரிம் பேணர்ஸ் லீ என்னும் அறிஞரின் மேசைமீது இயங்கிற்று. அஃது ஒரு நெக்ஸ்ற் கணினி. இது சேவையகமாதலின் இதனை நிறுத்தலாகாது என்னும் கருத்துப்பட, சிவப்பு மையினால் எழுதிய சீட்டு ஒன்று அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. பிறர் நம்பியிருக்கும் இயந்திரத்தை ஆராயாது தொடுதல் தகாது என்னும் நெறி அச்சீட்டோடு தொடங்கியது எனலாம்.

சேவையகத்தை வாடகைக்குப் பெறும் வகை மூன்று. ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்து பயன்படுத்துதல் ஒருவகை. அது விடுதியிலே ஒரு கட்டில் பெறுவது போன்றது. ஓர் இயந்திரத்தை மென்பொருளாற் பல கூறாக்கி அதிலொரு கூற்றைப் பெறுதல் இரண்டாம் வகை. அது மாடிக் கட்டடத்தில் ஒரு பகுதியைப் பெறுவது போன்றது. முழு இயந்திரத்தையும் ஒருவரே பெறுதல் மூன்றாம் வகை. அது வளவோடு கூடிய தனிவீட்டைப் பெறுவதற்கு ஒப்பாகும். நமது ஆராய்ச்சி இம்மூன்றாம் வகையைப் பற்றியது. தனிவீட்டிலே கூரையும் சுவரும் மின்சாரமும் உரிமையாளர் பொறுப்பு. உள்ளே சமைப்பதும் பூட்டுவதும் குடியிருப்போர் பொறுப்பு. சேவையகத்திலும் அவ்வாறே. இயந்திர உறுப்புகளும் மின்வலுவும் வலையமைப்பு இணைப்பும் வாடகைக்கு விட்டவர்க்கு உரியன. பணிசெயல் முறைமையும் அதன்மேல் நிறுவுவன யாவும் நமக்கு உரியன. குறை எப்பக்கத்தது என்று துணிவதே பிணிநாடலின் பாதியாகும்.

நாமே ஓர் இயந்திரத்தை வாங்கிக் கல்லூரியில் வைத்தலாகாதா எனின், ஆகும். ஆயினும் இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இந்நாட்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தமையை நாம் மறந்திலேம். கிளிநொச்சி அறிவியல் நகரிலே 2014 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ற் முதலாம் நாள் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இத்தகைய நிலையங்களுக்கு வேண்டிய வசதிகள் சிறிய பாடசாலைக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ அமைதல் அரிது. ஆதலின் அவை சிங்கப்பூரிலோ ஐரோப்பாவிலோ உள்ள இயந்திரத்தை வாடகைக்குக் கொள்கின்றன.

ஒரு பட்டறிவு

சில ஆண்டுகளுக்கு முன்னர், வன்னியிலுள்ள பழைய மாணவர் ஐவர் கூடிப் பழைய கல்லூரி மலர்களை வருடியாற் படியெடுத்து இணையத்தில் இடும் முயற்சியில் ஈடுபட்டோம். பகிர்விடம் போதாமையால் வெளிநாட்டிலே தனிச் சேவையகம் ஒன்றைப் பெற்றோம். நான்கு நாள்களாகக் கோப்புகளை ஏற்றிய பின்னர், நமது ஆள்களப் பெயரைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றி, அன்றே பழைய இடத்தையும் மூடிவிட்டோம். அன்று மாலை எங்கள் வீட்டுக் கணினிகளில் நமது தளம் திறக்கவில்லை.

ஒருவர், பகைவர் புகுந்தனர் என்றார். மற்றொருவர், வன்தட்டுப் பழுது என்றார். ஒருவர் தரவுத்தள அமைப்பை மாற்றினார். அதே வேளையில் வேறொருவர் தீச்சுவர் விதிகளை அழித்தார். நள்ளிரவில் யாம் யாவரும் ஒருமனப்பட்டுச் செய்த செயல், வன்தட்டு முழுவதையும் துடைத்துப் பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவியமையே. மறுநாட் காலையிற் கனடாவிலுள்ள நண்பரொருவர் எழுதினார்: முதல்நாள் மாலை முழுவதும் தளம் தமக்கு நன்றாகத் திறந்தது என்றும், விடிந்த பின்னரே அது மறைந்தது என்றும். சேவையகத்தில் யாதொரு குறையும் இருந்திலது. எங்கள் பிரதேசத்து இணைய இணைப்பு, பெயருக்குரிய பழைய முகவரியை நினைவில் வைத்திருந்தது, அவ்வளவே.

துடைக்கப்பட்ட கோப்புகளிற் பெரும்பாலானவற்றுக்கு வேறு படி இருந்தது. இரண்டு மலர்களுக்கு மாத்திரம் இல்லை. அவற்றின் அச்சுப் பிரதிகளை இடம்பெயர்வுகளுக்கூடாகச் சுமந்துவந்த பெரியவரிடம் மீண்டும் சென்றபோது, அவற்றைக் கறையான் தின்றிருந்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அவ்விழப்பே.

நாடும் ஒழுங்கு

சிறுபோகக் காலத்திலே இரணைமடுவின் துருசு திறந்திருந்தும் கடைசி வயலுக்கு நீர் வாராதொழியின், அனுபவமுள்ள கமக்காரன் குளக்கட்டை உடைக்க எண்ணான். தன் வரம்பிலிருந்து புறப்பட்டுக் கிளை வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடப்பான். இவ்விடம்வரை நீர் உண்டு, இதற்கப்பால் இல்லை என்னும் எல்லையைக் காணும்வரை நடப்பான். அவ்வெல்லையிலேதான் அடைப்பு உளது. நாமும் வாசகரின் கணினியிலிருந்து புறப்பட்டுச் சேவையகத்தின் வன்தட்டுவரை இவ்வாறே படிப்படியாகச் செல்லல் வேண்டும். ஒருபடியிற் சோதனை முடியாமுன் மறுபடிக்குத் தாவலாகாது. ஒருவேளையில் ஒன்றையே மாற்றல் வேண்டும்; மாற்றியதையும் நேரத்தையும் குறித்துவைத்தல் வேண்டும்.

முதற்படி, பெயர். வாசகர் எழுதும் பெயரை எண்முகவரியாக மாற்றித் தருவது 1983இல் போல் மொக்கபெற்றிஸ் வகுத்த ஆள்களப் பெயர் முறைமையாகும். ஒவ்வொரு பெயர்ப்பதிவும், இத்தனை செக்கன் வரை என்னை நினைவில் வைத்திருக்கலாம் என்னும் அளவொன்றைத் தாங்கியிருக்கும். 86,400 என்று இருப்பின் அது ஒரு முழுநாள். ஆதலின் சேவையகம் மாறுவதற்கு இரண்டொரு நாள் முன்னரே அவ்வளவை 300 ஆகக் குறைத்தல் வேண்டும். பழைய இடத்தையும் சில நாள் திறந்தே வைத்தல் வேண்டும். வெவ்வேறு நாட்டிலுள்ள இருவர் ஒரே பெயரை வினாவி வெவ்வேறு முகவரியைப் பெறின், குறை பெயரிலேயே உளது, இயந்திரத்தைத் தொடவேண்டுவதில்லை.

இரண்டாம் படி, வழி. முகவரி சரியாயின் அதற்குச் செய்தி சென்று மீள்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். இதற்குரிய பிங் என்னும் கருவியை மைக் மூஸ் என்பவர் 1983 டிசெம்பரில் எழுதினார். நீர்மூழ்கியைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையே அதன் பெயராயிற்று. மீளும் நேரத்தை அளக்குமுன் இயற்கை விதித்த எல்லையை அறிதல் வேண்டும். கண்ணாடி இழையினூடே ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்லும். வவுனியாவிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர்; சென்று மீள 27 மில்லிசெக்கனிற் குறைதல் இயலாது. ஜேர்மனியின் பிராங்போர்ட் ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர். அதற்கு எல்லை 80 மில்லிசெக்கன். கடற்கம்பிகள் நேர்கோட்டிற் செல்லாமையால் உண்மை அளவு இவற்றினும் மிகுதியாகும். அது 200 ஆக இருக்க, ஒரு பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக முப்பது முறை சென்று மீளுமாறு அமைந்திருப்பின், ஆறு செக்கன் அதற்கே கழியும். சேவையகம் மந்தம் என்று நாம் குறைகூறுவது பலவேளைகளிலே தூரத்தின் விளைவாம்.

இன்னும் ஒன்று. ஒப்பந்தத்தில் எழுதிய வேகம் பிட்டிலும், கோப்பின் அளவு பைட்டிலும் குறிக்கப்படுவன. எட்டுப் பிட்டு ஒரு பைட்டு. நூறு மெகாபிட் இணைப்பில் செக்கனுக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டே செல்லும். ஆயிரம் மெகாபிட் என்று பேசிப் பெற்ற இணைப்பு, பழுதான கம்பியொன்றினால் நூறாகத் தாழ்ந்து இணங்கியிருத்தலும் உண்டு. இஃது உரிமையாளர் தீர்க்கவேண்டிய குறை.

மூன்றாம் படி, வாயில். ஓர் இயந்திரத்தில் 65,535 வரை இலக்கமிட்ட வாயில்கள் உள. வலைப்பக்கங்களுக்கு 80, 443. நிருவாகிக்கு வழக்கமாக 22. ஒரு வாயிலைத் தட்டும்போது கிடைக்கும் விடை நுணுகி நோக்கத்தக்கது. உடனே மறுப்பு வருமாயின், பெரும்பாலும் இயந்திரம் உயிரோடு உளது. அவ்வாயிலிற் பணியாளன் இல்லை என்பது பொருள். மறுப்புமின்றி நெடுநேரம் மௌனமாயின், தீச்சுவர் தடுக்கின்றது அல்லது வழி அற்றது என்பது பொருள். மறுப்பும் மௌனமும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை அறியாதார் பல மணித்தியாலங்களை வீணே கழிப்பர்.

தீச்சுவரை இறுக்கும்போது தம்மையே வெளியே விட்டுப் பூட்டிக்கொள்வோரும் உளர். வீட்டுக்கு வெளியே நின்று உட்டாழிடுதல் போன்றது அது. புதிய விதியை இடுமுன், பத்து நிமிடத்திற் பழைய விதி தானே மீளுமாறு ஏற்பாடு செய்துகொள்ளல் அறிவுடைமை. அன்றியும், வலையமைப்புக் கெட்டாலும் இயந்திரத்தின் திரையைத் தொலைவிலிருந்து காணும் வசதியையும், மீட்பு முறையில் அதனை எழுப்பும் வசதியையும் வாடகைக்கு எடுத்த முதல்நாளிலேயே சோதித்து அறிதல் வேண்டும்.

நான்காம் படி, பணி. வாயிலிற் பணியாளன் உளன். ஆயினும் தவறான விடை தருகின்றான் எனின் அவ்விடையின் இலக்கத்தை நோக்குக. 404 எனின், கேட்ட ஏடு இல்லை. 403 எனின், தர அனுமதி இல்லை. 500 எனின், உள்ளே நிரல் பிழைத்தது. 502 எனின், வாயிலோன் உளன், அவன் வினாவிய உள்ளாளிடமிருந்து தக்க விடை வரவில்லை. காரணம் பெரும்பாலும் நிகழ்வுப் பதிவேட்டிலே ஒருவரியில் எழுதப்பட்டிருக்கும். அதனைப் படியாது அமைப்புகளை மாற்றுதல், நோயாளி சொல்வதைக் கேளாது மருந்து கொடுத்தலை ஒக்கும்.

பதிவேட்டைப் படிப்பதற்கு நேரக்கணக்குத் தெளிவாதல் வேண்டும். ஐரோப்பியச் சேவையகம் பொதுநேரத்திலே காலை 2.00 என்று பதிவது நமக்குக் காலை 7.30. இந்நாட்டிலே 1996 மே மாதத்தில் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரைமணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலிலேதான் பழைய ஐந்தரை மணிக் கணக்கு மீண்டது. இடைக்காலத்திலே வன்னியின் பெரும்பகுதியிற் பழைய நேரமே வழங்கியமையால், இரு கடிகாரக் கணக்கோடு பயணம் செய்த தலைமுறை நம்முடையது. எக்கடிகாரத்தின்படி என்னும் வினா எமக்குப் புதிதன்று. சேவையகக் கடிகாரம் பிழைப்பின், பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலங்கடந்தன போலவோ இன்னும் தொடங்காதன போலவோ தோன்றி மறுக்கப்படுதலும் உண்டு.

ஐந்தாம் படி, எழுத்து. இது தமிழர்க்குச் சிறப்பாக உரியது. பக்கம் திறக்கின்றது, ஆயினும் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற இலத்தீன் குறிகள் நிறைகின்றன. ஒருங்குறித் தமிழைச் சேமிக்கும் யுரிஎவ் 8 முறையிலே ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. க என்பது மூன்று. கி என்பது மெய்யும் உயிர்க்குறியுமாய் ஆறு. தமிழ் என்னும் சொல் பதினைந்து. சேவையகம் ஒவ்வொரு பைட்டையும் தனியெழுத்தெனக் கொள்ளின் இக்குழப்பம் விளையும். தரவு கெட்டதன்று, வாசிக்கும் முறையே பிழைத்தது. இதனை அறியாது கண்டபடி திருத்திச் சேமிப்பின் தரவும் உண்மையிற் கெடும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் எழுதிய கோப்பு ஆங்கில எழுத்துகளாகத் தோன்றுதல் வேறொரு குறை; அது சேவையகத்தின் பாற்பட்டதன்று.

கோப்பின் பெயரையும் நோக்குக. லினக்ஸ் சேவையகங்களிற் பெருவழக்கான ஈஎக்ஸ்ரி 4 கோப்பு முறையிலே பெயரின் எல்லை 255 பைட்டு. அஃதாவது தமிழிலே 85 குறிகள். விண்டோஸ் கணினியில் நூறு குறியிற் பெயரிட்ட கோப்பு, அங்கே நன்றாயிருந்தும் இங்கே ஏற மறுக்கும். இன்னும், முக்கால், மாகாணி முதலாய பழைய பின்னக் குறிகள் 2019இல் ஒருங்குறியின் பன்னிரண்டாம் பதிப்பிலே சேர்க்கப்பட்டன. இவற்றிற் பலவற்றுக்கு நான்கு பைட்டு வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய யுரிஎவ் 8 அமைப்பு மூன்று பைட்டுக்கு மேற் கொள்ளாது. பழைய நிலக்கணக்கைப் பதிப்பிப்போர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

ஆறாம் படி, உடல். வாடகை இயந்திரம் நமக்குப் புதிதேயன்றித் தான் புதிதாதல் ஒருதலையன்று. அதன் வன்தட்டு எத்தனை மணித்தியாலம் ஓடியது, எத்தனை பகுதிகள் பழுதாகி மாற்றப்பட்டன என்பனவற்றைத் தட்டின் உட்பதிவிலிருந்தே அறியலாம். முதல்நாளில் இவ்வெண்களைக் குறித்துவைத்து, மாதந்தோறும் ஒப்பிடல் வேண்டும். மாற்றப்பட்ட பகுதிகளின் தொகை வளருமாயின் தட்டு நலிகின்றது. உடனே மாற்றுமாறு கேட்டல் வேண்டும். நினைவகத்தை ஓரிரவு முழுவதும் சோதித்தல் நன்று. தட்டிலே இடம் இருந்தும் எழுத முடியாதொழியின், கோப்புகளுக்குரிய சுட்டி இலக்கங்கள் தீர்ந்தனவா என்று காண்க. எண்ணிறந்த சிறு கோப்புகள் இவ்வாறு செய்யும்.

முகவரிக்கும் முன்வரலாறு உண்டு. பழைய முகவரி முறையில் உள்ளவை ஏறக்குறைய 430 கோடியே; ஆதலின் அவை கைமாறி வழங்குகின்றன. முன்னே அங்கிருந்தோர் வேண்டா அஞ்சல்களை அனுப்பியிருப்பின், அம்முகவரி தடைப்பட்டியல்களில் ஏறியிருக்கும். நாம் அனுப்பும் மாணவர் அறிவித்தலும் மறுக்கப்படும். பட்டியலிலிருந்து நீக்குமாறு கேட்டல், அல்லது வேறு முகவரி பெறுதல் இதற்கு வழி.

உழையர்க்கு எழுதும் முறை

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் வேண்டுமென வள்ளுவர் அதே அதிகாரத்தில் உரைத்தனர்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன். இங்கே இயந்திரம் நோயாளி, நாம் மருத்துவர், கருவிகள் மருந்து, தரவு நிலையத்திலே இயந்திரத்தின் அருகே நிற்கும் பணியாளரே நான்காமவர். எம் கைகள் எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு இப்பால் உள்ளமையால் அவரை நன்கு பயன்படுத்தல் இன்றியமையாதது. வேலை செய்யவில்லை என்று மாத்திரம் எழுதுவோர்க்கு, மீள இயக்கிப் பாருங்கள் என்பதே விடையாக வரும். இன்ன நாள், பொதுநேரம் இத்தனை மணிக்கு, இன்ன முகவரியிலிருந்து இன்ன வாயிலைத் தட்டினேம், மௌனமே விடை, வேறு இரு நாடுகளிலிருந்தும் அவ்வாறே, அதற்குமுன் யாம் செய்த மாற்றம் இது, இவ்வாறு எழுதுவோர்க்குத் தக்க விடை விரைவிற் கிடைக்கும். சினமும் பழியுரையும் கடிதத்தை நீட்டுமேயன்றிக் குறையைத் தீர்க்கா.

காப்பே முதல்

இப்படிகள் யாவற்றுக்கும் முன்னர் நிற்பது ஒன்றுண்டு. அது காப்புப் பிரதி. ஒரே இயந்திரத்தில் இரு வன்தட்டுகள் ஒன்றையொன்று படியெடுத்தல் காப்பாகாது. தட்டொன்று பழுதாயின் அது உதவும். தவறி அழிப்பின் இரண்டிலும் ஒருங்கே அழியும். 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரிலே ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. வேறிடத்திற் படி வைத்திருந்தோர் மீண்டனர். அல்லாதாரிற் பலர் தம் தரவை முற்றாக இழந்தனர். ஆதலின் ஒரு படி வேறு நாட்டிலும், ஒரு படி நம் கையிலும் இருத்தல் வேண்டும். அப்படியிலிருந்து ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்தலும் வேண்டும். மீட்டுப் பாராத காப்பு, காப்பென்று நம்பப்படுவதேயாகும்.

ஏடுகள் எரிதல் என்பது எமக்குக் கேள்வியால் மாத்திரம் அறிந்ததன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. வன்னியிலே 2009ஆம் ஆண்டுவரை நிகழ்ந்த இடம்பெயர்வுகளில் பாடசாலைப் பதிவுகளும் பிறப்புச் சான்றிதழ்களும் குடும்பக் கடிதங்களும் வழியிலே கைவிடப்பட்டன. எஞ்சியவற்றைச் சேர்த்து 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் செய்துவரும் பணி போல்வன, சேவையகங்களை நம்பியே நடைபெறுகின்றன. போர் அழித்தவற்றுக்கு நாம் பொறுப்பல்லேம். ஆனால் அதனின்றும் தப்பி வந்த இரண்டு மலர்களை ஓரிரவிலே அழித்தது எங்கள் அவசரம். பகைவரும் இலர், தீயும் இலது.

ஆதலின், மாணவ நண்பர்களே, சேவையகம் விடையளியாத வேளையிலே கைவிரல் விசைப்பலகைக்கு விரையும். அதனைச் சற்றே தடுத்து, எதுவரை நீர் வருகின்றது என்று முதலில் நடந்து பாருங்கள். காப்புப் பிரதி உளதா என்று வினாவுங்கள். கண்டதை எழுதுங்கள்; ஒன்றை மாற்றுங்கள்; மீண்டும் பாருங்கள். பிணி தானே தன் இடத்தைக் காட்டும்.